சம்பந்தியின் ஜீப்புக்கு டேப்பெட் சரிசெய்த கதை

இயந்திரவியல் படித்த பெண்ணுக்கு வீட்டில் இரண்டே விதமான மரியாதைதான். மிக்சி ஒழுங்காக ஓடினால், "இவ என்னத்தப் படிச்சுக் கிழிச்சா?" மிக்சி நின்றுபோனால், "இதுக்குத்தானே படிச்ச, வந்து பாரு." (நான் படித்தது மிக்சியைப் பற்றி அல்ல. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.)

இந்த இரண்டு மரியாதையும் ஒரே நாளில், ஒரே வண்டியால், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னிலையிலும் எனக்குக் கிடைத்தது. நடந்து பல வருஷமாகிவிட்டது. இன்றைக்கும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. வயசானால் கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு வயசு மட்டும்தான் ஆகியிருக்கிறது.

அப்போது நான் சைகோனில், தூ டுக் பக்கத்துத் தொழிற்பேட்டை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியர். (ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாற்றி எவ்வளவோ காலமாகியும் அங்கிருப்பவர்கள் வாயில் சைகோன்தான்.) காரைக்காலிலிருந்து தம்பி குமரனையும் வரவழைத்து, டான் சோன் நாட் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் ஒரு வேலையில் உட்காரவைத்தேன். உட்கார்ந்தவன் முதல் காரியமாகப் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தான். அதில் லான் உட்கார்ந்திருந்தாள்.

அம்மா காரைக்காலில் இருந்தபடியே போனில் அழுதார். வெற்றிலை பாக்குத் தட்டு இல்லாமல் அந்த ஊரிலும் கல்யாணம் கிடையாது என்று தெரிந்ததும் அழுகையை நிறுத்தி, "அப்ப நம்ம சனம் மாதிரிதான்" என்று பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார். துணைக்குத் தன் தம்பியையும் கூட்டிவந்தார். என் தாய்மாமா.

மாமாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அவர் எதையும் முறுக்குவார். குழாய், ஃபேன், கட்டில் கால், அடுத்தவர் மூக்குக்கண்ணாடி, எதுவாக இருந்தாலும் சரி. ஒரு பொருள் லூசாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது. அவர் மூடி முறுக்கிய ஊறுகாய் பாட்டில் ஒன்றை எங்கள் வீட்டில் உடைத்துத்தான் திறந்தோம்.

கல்யாணம் பெண் வீட்டில். அது சைகோனைத் தாண்டி, குச்சி என்ற ஊரில். ("குச்சின்னா ஒரு ஊருக்குப் பேரு வப்பாங்க?" என்று அம்மா வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.) லானின் அப்பாவுக்கு அங்கே மாடுகளும் வயலும் இருந்தன. எல்லோரும் அவரை சூ சாவ் என்பார்கள். ஆறாம் நம்பர் சித்தப்பா என்று அர்த்தம். வீட்டில் அவர் ஐந்தாவது பிள்ளை. அந்தப் பக்கத்தில் தலைப்பிள்ளையையே 'இரண்டு' என்றுதான் எண்ண ஆரம்பிப்பார்கள். சிரித்த முகம். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம்: அவருடைய ஜீப்பை அவரைத் தவிர வேறு யாரும் ஓட்டக்கூடாது.

அது போர்க்காலத்து ராணுவ ஜீப். சின்னது, கதவு கிடையாது. போர் முடிந்தபோது அநாதையாக நின்றது கை மாறி, கை மாறி அவரிடம் வந்திருந்தது. மாட்டுக்குப் புல் ஏற்றுவார். மழைக்காலத்தில் பெரிய ரோட்டிலிருந்து அவர் வீட்டுக்குப் போகிற வாய்க்கால் கரைப் பாதையில் வேறு எந்தக் காரும் ஏறாது. அந்த ஜீப் சேற்றில் எருமை மாதிரி ஏறிப்போகும். ஆகவே மாப்பிள்ளை ஊர்வலம் அதில்தான் என்று முடிவாயிற்று.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் எங்களைத் தன் வீடுவரை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார். என்ஜினிலிருந்து டக் டக் டக் என்று விடாமல் ஒரு சத்தம்.

"ஏன்டி செல்வி, யாரோ உள்ள உக்காந்து தையல் மிஷின் மிதிக்கிற மாதிரில்ல இருக்கு" என்றார் அம்மா.

"மாப்புள கார்ல நாயனம் கேக்கணும். இது என்ன, டக்கு டக்குன்னு" என்றார் மாமா.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். இளவயது, கையில் பட்டம். "அது டேப்பெட் சத்தம். வால்வு இடைவெளி கூடிப்போச்சு. ஒரு மணி நேர வேலை, நானே செட் பண்ணிடறேன்" என்று சொல்லிவிட்டேன். எதிரே இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்காகத்தான் சொன்னேன் என்பதை இப்போது மறைப்பானேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் உள்ளே வர ஒரு வால்வு, புகை வெளியே போக ஒரு வால்வு. ஒவ்வொரு வால்வின் தலையையும் ராக்கர் என்று ஒரு சின்ன இரும்புக் கை தட்டித் தட்டித் திறக்கும். அந்தக் கைக்கும் வால்வுக்கும் நடுவில் ஒரு தலைமுடி நுழைகிற அளவு சந்து விட வேண்டும். டேப்பெட் சரிசெய்வது என்றால் இதுதான். சூடேறினால் இரும்பு நீளும். நீள இடம் வேண்டாமா? சந்து அதிகமானால் பெரிய சத்தம். சந்தே இல்லாவிட்டால் சத்தமே வராது. ஆனால் சூடேறியதும் வால்வு முழுசாக மூடாது, என்ஜினுக்கு மூச்சுப் போய்விடும். பழைய ஜீப்பில் டேப்பெட் லேசாக டிக் டிக் என்றுகொண்டிருந்தால்தான் ஆரோக்கியம்.

என்ஜின் ஆறும்வரை காத்திருந்து, மேல்மூடியைக் கழற்றி, சந்தை அளக்கிற ஃபீலர் கேஜ் தகட்டை ஒவ்வொரு இடைவெளியிலும் விட்டு இழுத்துப் பார்த்து, எட்டு வால்வையும் கச்சிதமாக வைத்தேன். தகடு லேசாகப் பிடித்து, பிடித்ததும் தெரியாமல் வழுக்கி வர வேண்டும். அப்படி வந்தது. இன்றைக்கும் நெஞ்சில் கைவைத்துச் சொல்வேன், அந்த வேலையில் ஒரு குறையும் கிடையாது. ஸ்டார்ட் செய்தோம். தையல் மிஷின் சத்தம் போய், மெல்லிசாக டிக் டிக் மட்டும் மிச்சமிருந்தது.

"இன்னும் சத்தம் வருதே" என்றார் மாமா.

"அது வரணும் மாமா."

"செட் பண்ணியாச்சுங்கற. அப்புறம் ஏன் வருது?"

"செட் பண்ணினதாலதான் இந்த அளவுக்கு வருது. சுத்தமா நின்னாத்தான் ஆபத்து."

"படிச்ச புள்ள சொல்லுற, சரிதான்" என்று அம்மாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அம்மாவும் பிதுக்கினார். தமிழில் ஒரு சொல் புரியாத சூ சாவ்கூட, மரியாதைக்கு, பிதுக்கினார். நான் கோபத்தோடு ஸ்பேனரை அங்கேயே போட்டுவிட்டு, நாங்கள் தங்கியிருந்த பெரிய ரோட்டு விடுதிக்குக் குளிக்கக் கிளம்பினேன். மாமா, சம்பந்தியோடு ஒரு பீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லித் தங்கிவிட்டார்.

மறுநாள் காலை, பூச்சரம் சுற்றிய ஜீப் விடுதி வாசலுக்கு வந்தது. நீல நிற நீள அங்கி, தலையில் அதே நிறத்தில் வட்டத் தலைப்பாகை, ஸ்டியரிங்கில் சூ சாவ். என்ஜின் ஓடுகிறது என்பதே தெரியவில்லை. அப்படி ஒரு அமைதி.

"அடியே! சத்தத்தையே காணுமே!" என்று அம்மா என் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தார். குமரன், "அக்கான்னா அக்காதான்" என்றான். மாமா எங்கோ வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நேற்று டிக் டிக் என்று விட்டுவந்த வண்டி இன்று எப்படி ஊமையாகும்? இன்ஜினியர் என்றால் அந்த இடத்தில் பானெட்டைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பட்டுப்புடவை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "புது செட்டிங் இல்லையா, ஆயில் இறங்கிப் பிடிக்க ஒரு ராத்திரி ஆகும்" என்றேன். (அப்படி ஒரு விஷயம் உலகத்தில் எந்தப் புத்தகத்திலும் கிடையாது.)

முதல் நடையில் குமரனும் புரோகிதரும் போனார்கள். புரோகிதர் தூ டுக்கில் மென்பொருள் வேலை பார்க்கிற பையன். தாத்தாவிடம் மந்திரம் கற்றவன். அன்று மத்தியானம் விமானத்தைப் பிடிக்க வேண்டும் என்று இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே ஏறினான். ஜீப் ஜம்மென்று போய், அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தது. இரண்டாம் நடைக்கு அம்மா, மாமா, நான். தாலி அம்மாவின் மடியில் மஞ்சள் பையில். தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான், மற்ற இரண்டும் நாத்தனார் போட வேண்டும். அந்த நாத்தனார் நான். இந்த உரிமையை எண்ணிச் சின்ன வயதிலிருந்தே தம்பியின் தொல்லைகளைப் பொறுத்துக்கொண்டவள்.

பாதி வழியில், வாய்க்கால் கரையில், ஜீப் ஒரு தும்மல் தும்மியது. அடுத்து ஒரு இருமல். பிறகு புகைக்குழாயிலிருந்து 'டமார்' என்று ஒரு வெடி. வாய்க்காலில் நீந்திக்கொண்டிருந்த வாத்துக்கூட்டம் நாலாபக்கமும் சிதறியது. மாமா இருக்கைக்குக் கீழே குனிந்துகொண்டார். அதோடு என்ஜின் நின்றது. சூ சாவ் திரும்பத் திரும்ப முடுக்கினார். காற்றுப் போன ஊதல் மாதிரி சர்ர் சர்ர் என்று சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை.

"ட்ரோய் ஓய்!" என்றார் சூ சாவ். 'ஐயோ கடவுளே' என்பது அது. அவர் சிரிக்காமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"என்னாடி பண்ணின வண்டிய?" என்றார் அம்மா. சற்று முன்பு நெட்டி முறித்த அதே அம்மா.

பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். ஜீப்பின் கருவிப் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்து மேல்மூடியைக் கழற்றினேன். கொதிக்கிற எண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. ராக்கர் ஒன்றை அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. அடுத்ததும் அசையவில்லை. எட்டில் ஒன்றுகூட. எல்லா இடைவெளியையும் யாரோ மூச்சுமுட்ட முறுக்கி அடைத்திருந்தார்கள்.

மெதுவாகத் திரும்பி மாமாவைப் பார்த்தேன்.

"லூசா இருந்துச்சு பாப்பா" என்றார் மாமா, அம்மா காதில் விழாமல். "கை வச்சா ஒவ்வொண்ணும் ஆடுச்சு. நீ மறந்துட்டியாக்கும்னு கொஞ்சமா முறுக்கிவிட்டேன். சம்பந்திதான் டார்ச் அடிச்சாரு."

"கொஞ்சமா?"

"நல்லாத்தான் முறுக்கினேன். கல்யாண வண்டியாச்சே."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வாய்க்கால் தண்ணீர் போதாது. ஆனால் அதைக் கொட்டக்கூட நேரமில்லை. குமரன் போனில் கத்தினான்: "அக்கா, எங்க இருக்கீங்க? லானோட அப்பா இல்லாம தாரை வார்க்க முடியாதாம். தாலியும் உங்ககிட்ட இருக்கு. ஐயரு பிளைட்டு பிளைட்டுன்னு உயிரை எடுக்குறான்!"

அந்நேரம் சந்தையில் காய் விற்றுவிட்டு, காலிக் கூடைகளோடு ஒரு அம்மாள் மோட்டார் சைக்கிளில் வந்தார். பக்கத்துக் கிராமத்துக்காரர், சி தூ என்று சூ சாவ் கூப்பிட்டார், 'நாலாம் நம்பர் அக்கா'. காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் ஓலைக் கூம்புத் தொப்பி. விஷயத்தைக் கேட்டதும் கூடைகளை அவிழ்த்துக் கரையில் வைத்துவிட்டு, அம்மாவை ஏறச் சொன்னார்.

"நான் இது பின்னாடி உக்காந்து போவணுமா?" என்று கேட்டுக்கொண்டே அம்மா தாலிப் பையை இடுப்பில் செருகி ஏறிவிட்டார். அடுத்த வண்டியில் வந்த ஒரு தெரிந்தவரோடு சூ சாவ், தலைப்பாகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஜீப்பைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார். கொஞ்ச நேரத்தில் எனக்காகவும் ஒரு பையனைக் குமரன் வண்டியோடு அனுப்பினான்.

இங்கேதான் என் தலையில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டது. வண்டியைக் கெடுத்தவள் என்ற பெயரோடு அடுத்தவர் பைக்கில் போய் இறங்குவதா? இன்ஜினியர்! "நான் ஜீப்லதான் வருவேன்னு சொல்லு. பத்து நிமிஷம்" என்று அந்தப் பையனைத் திருப்பி அனுப்பினேன். அவன் பின்னாலேயே நழுவி ஏறப்போன மாமாவின் துண்டைப் பிடித்து இழுத்தேன்.

"நீங்க எங்கயும் போவக் கூடாது. தள்ளுங்க."

"நான் தாய்மாமன்டி!"

"நான் நாத்தனார். தள்ளுங்க!"

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, வண்டியை டாப் கியரில் போட்டுத் தள்ளினால் என்ஜின் மெல்லச் சுற்றும். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு வால்வும் மூடுகிற நிலைக்கு வந்ததும் நிறுத்தி, இடைவெளியைச் சரியாக வைக்க வேண்டும். பட்டு வேட்டியில் மாமா சேற்றில் காலை ஊன்றித் தள்ள, நான் என்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்... போதும்! போதும்னா போதும் மாமா! இப்ப பின்னாடி இழுங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன். ஃபீலர் கேஜ் விடுதியில் இருந்தது. அதற்குப் பதில் கைப்பையில் இருந்த கல்யாணப் பத்திரிகையின் அட்டையைக் கிழித்து சந்தில் விட்டு அளந்தேன். குமரன் பெயர் ஒரு வால்வில், லான் பெயர் இன்னொன்றில். 'சுற்றமும் நட்பும் சூழ' என்ற வரி புகைபோக்கி வால்வில் கருகியது.

பத்து நிமிஷம் என்றேனா? மாமா நடுவில் வழுக்கி விழுந்து எழுந்தார். ஒரு ஸ்பார்க் பிளக் வாய்க்கால் ஓரத்துப் புல்லில் உருண்டு, அதைத் தேடினோம். வாத்துகள் எல்லாம் திரும்பிவந்து வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தன. கடைசியில் மேல்மூடியைப் போட்டு முடுக்கியபோது என்ஜின் பிடித்துக்கொண்டது. அட்டை தகட்டைவிடக் கனம் அல்லவா, சந்து அதிகமாகிவிட்டது. முந்தின நாள் இருந்ததைப் போல இரண்டு பங்கு சத்தம். தையல் மிஷின் இல்லை, தையல் கம்பெனி.

ஓட்டிக்கொண்டு போனேன். ஜீப் சூ சாவிடம் வந்தபிறகு அவரைத் தவிர அந்த ஸ்டியரிங்கைத் தொட்ட ஒரே ஆள் நான்தான். அரக்குப் பட்டு முழுக்கக் கறுப்பு எண்ணெய். பக்கத்தில் சேற்றில் முக்கி எடுத்த தாய்மாமன்.

பந்தலில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சத்தம் கேட்டு சூ சாவ் ஓடி வந்தார், கண்ணில் தண்ணீரோடு. என்னை அணைத்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்து இறங்கி நின்றேன். என்னைத் தாண்டிப் போய், பானெட்டைத் தடவிக்கொடுத்தார்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"பின்ன? ஐயரு நிக்க மாட்டேன்னுட்டான்" என்றார் அம்மா.

"முடிச்சு? நாத்தனார் முடிச்சு யாரு போட்டா?"

அம்மா பந்தியைக் கைகாட்டினார். முதல் இலையில், ரப்பர் பூட்ஸோடு, சி தூ உட்கார்ந்து சாம்பாரும் சாதமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கழுத்தில் மாலை. மடியில், நாத்தனாருக்கென்று நானே பார்த்துப் பார்த்து வாங்கிவைத்திருந்த மயில்கழுத்துப் புடவை.

நடந்தது இதுதான். புரோகிதர், "நாத்தனார் வாங்கோ" என்று அவசரப்படுத்தியிருக்கிறான். அம்மா பதற்றத்தில் பக்கத்தில் நின்றவர் கையைப் பிடித்து முன்னால் தள்ளியிருக்கிறார். அவரும், என்ன ஏது என்று கேட்காமல், தொப்பியைக்கூடக் கழற்றாமல், இரண்டு முடிச்சையும் போட்டிருக்கிறார். வருஷக்கணக்காகக் கீரைக்கட்டு கட்டின கை. "என்னா இறுக்கம்ங்கற! இந்த மாதிரி முடிச்சு நம்ம ஊர்லயே யாரும் போட்டதில்ல" என்று அம்மா என்னிடமே மெச்சிக்கொண்டார்.

அன்று மாமா வாய் திறக்கவில்லை. இன்றுவரை திறக்கவில்லை. முறுக்கினது அவர்தான் என்று நான் சொன்னால், "அப்ப சத்தம் நின்னதுக்கு நாங்க மெச்சினப்ப, ஆயில் இறங்கிடுச்சுன்னு ஏன் சொன்ன?" என்று எல்லோரும் ஒரே வாயாகக் கேட்கிறார்கள்.

அதற்குப் பிறகு நான் எதற்காவது கொஞ்சம் தாமதித்தால் போதும். சினிமாவுக்கு, சாப்பாட்டுக்கு, எதற்கானாலும் சரி. "செல்வி வரலன்னா என்ன, காய்காரம்மாவக் கூப்புடு" என்பதுதான் எங்கள் வீட்டுப் பேச்சு. சி தூவுக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் காரைக்காலிலிருந்து சீர்ப்புடவை போகிறது. பதிலுக்கு ஒவ்வொரு டெட் புத்தாண்டுக்கும் அவர் வீட்டிலிருந்து ஒரு கூடைக் காய்கறி குமரன் வீட்டுக்கு வருகிறது. குமரனின் மகன் அவரைப் பெரியத்தை என்கிறான். என்னைச் சின்னத்தை என்கிறான். குமரனுக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான்! ஒரே ஒருத்தி எப்படிச் சின்னவளாக முடியும் என்று கேட்டால், லான் உட்பட எல்லோரும் சிரிக்கிறார்கள்.

அந்தப் பையனின் காது குத்து குச்சியில் நடந்தது. நான் விடிந்தவுடனே முதல் ஆளாகப் போய்விட்டேன், வாடகைக் காரில், பட்டுப்புடவை கசங்காமல். பந்தலில் அப்போது நாற்காலிகூடப் போட்டிருக்கவில்லை. அம்மா உள்ளிருந்து வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"வந்துட்டியா, சரி. அந்த நாற்காலியெல்லாம் எடுத்துப் போடு" என்றார். "பெரியத்தை வந்ததும் ஆரம்பிச்சிடலாம்."